ஃபாயில் போர்டு இடப்பக்கமே மறிஞ்சுட்டு இருந்தது, கால் அளவு பாத்து சரி பண்ண விவரம்

தம்பி இப்போ ஃபாயில் போர்டுல நேரா போறான், அடியில இறக்கை மாட்டி தண்ணிக்கு மேல எழும்பி ஓடுற சர்ஃப் பலகை அது. முன்னாடி எழும்பின உடனே இடப்பக்கம் மறியும், எத்தன தடவ ஏறினாலும் அதே பக்கம்தான். இப்ப காயல்ல வள்ளத்துக்க கயிற விட்ட பிறகும் கொஞ்ச தூரம் அப்படியே மிதந்து போய் பைய இறங்குறான், கடல்ல சின்ன நுரை அலையில எழும்பி கரைக்கு பக்கம் வரைக்கும் வந்துட்டான். இதுக்கு நாங்க என்னென்ன அளந்தோம், எது வேலைக்கு ஆவல, எது ஆச்சு, எவ்வளவு செலவுன்னு வரிசையா எழுதி வைக்கிறேன், இதே இடத்துல நிக்கிறவங்களுக்கு உதவும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துல நீரோடிப் பக்கம் ஃபைபர் வள்ளம் ரிப்பேர் பாக்குறவன், அணியம் (வள்ளத்துக்க முன்முனை) உடைஞ்சா கட்டுறது, ஓட்டை அடைக்கிறது, ரெசின் மேட் வேலை. தம்பின்னா சித்தப்பா மகன். சர்ஃபிங் அவன் நல்லா பண்ணுவான், ஃபாயில்தான் புதுசு. செட்டு பழசுதான், கோவளத்துல ஊருக்குத் திரும்பிப் போன ஒருத்தர்ட்ட இருந்து 70,000 ரூபாய்க்கு வாங்கினது. பலகை 5 அடி 6 அங்குலம், அடியில அலுமினிய மாஸ்ட், அதாவது கம்பம், 75 சென்டிமீட்டர், அதுக்க கீழ முன் இறக்கை 1750 சதுர சென்டிமீட்டர், பின்னாடி சின்ன ஸ்டெபிலைசர். வேகம் வந்தா இறக்கை தண்ணிக்குள்ளயே இருந்து பலகைய மேல தூக்கிடும், அப்புறம் பலகை தண்ணியத் தொடாது, ஆள் நிக்கிறது முழுக்க அந்த ஒத்த மாஸ்ட்டுக்க மேலதான். தம்பி இடக்கால முன்னாடி வைக்கிறவன், அப்ப விரல் ரெண்டு காலுக்கும் வலப்பக்கம், குதிகால் இடப்பக்கம். இத மனசுல வச்சுக்கிட்டா கீழ சொல்றது எல்லாம் புரியும்.

ஒரே பக்கம் மறிஞ்சா முதல்ல சாமான்லதான் சந்தேகம் வரும், எனக்க தொழிலும் அதுதான், அதனால மொதல்ல ஃபாயில்தான் சோதிச்சேன். பலகைய கவுத்து ரெண்டு பிளாஸ்டிக் சேர்ல வச்சு, மூக்குல இருந்து வாலு வரைக்கும் நடுவுல நூல் இழுத்துக் கட்டி, பலகைக்க குறுக்க ரசமட்டம் வச்சு குமிழி நடுவுல வர்ற வரைக்கும் ஒரு சேருக்கு அடியில அட்டை சொருகினேன். அப்புறம் அதே ரசமட்டத்த இறக்கைக்க ரெண்டு நுனிக்கும் குறுக்க வச்சேன், அங்கயும் நடுவுலதான் நின்னுச்சு. டேப்ப எடுத்து இறக்கையோட ஒவ்வொரு நுனியில இருந்தும் வால் நடுவுக்கு அளந்தா ரெண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அது ஒண்ணும் இல்ல, ஆள மறிய வைக்கிற அளவு கிடையாது.

இதுல நேரம் போனது போல்ட்லதான். மாஸ்ட்ட பலகையோட சேக்குற அடித்தட்டுல நாலு எம்8 போல்ட், அதுல ஒண்ணு அசையல, ஏன்னா ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் உப்புத்தண்ணியில சேந்தா அலுமினியம் அரிச்சு ரெண்டும் பிடிச்சுக்கிடும். துரு இளக்குற ஸ்பிரே அடிச்சு ராத்திரி முழுக்க விட்டு, காலையில 5 எம்எம் ஆலன் கீக்கு ஒரு பைப்ப நீட்டமா மாட்டி கழட்டினேன். மலிவான ஆலன் கீ வேண்டாம், முனை உருண்டுதுன்னா போல்ட்டு தலையையும் தின்னுடும். வளைஞ்ச வாஷர் ஒண்ணு மாத்தி, எல்லா மரையிலயும் எஞ்சின் கடையில விக்கிற மெரைன் கிரீஸ் தடவி திருப்பி மாட்டினேன். இப்ப ஒவ்வொரு தடவ தண்ணியில இருந்து ஏத்தினதும் நல்ல தண்ணியில கழுவி போல்ட்ட எல்லாம் ஒரு சுத்து இளக்கி விடுறோம்.

அடுத்தது மாஸ்ட்ட நகத்திப் பாத்தோம். பலகைக்க அடியில ரெண்டு நீளமான பள்ளம் இருக்கு, அதுல மாஸ்ட்டு முன்ன பின்ன ஓடும். 2 சென்டிமீட்டர் முன்னாடி தள்ளினோம், சீக்கிரம் எழும்பினா மறிய நேரம் இருக்காதுன்னு ஒரு கணக்கு. எழும்பிச்சு, ரொம்பவே எழும்பிச்சு, மூக்கு வானத்தப் பாத்து இறக்கையே தண்ணிக்கு வெளிய வந்துடுச்சு. இறக்கை வெளிய வந்தா காத்தை இழுத்துக்கிடும், தூக்குற சக்தி ஒரே நொடியில போய் பலகை தொப்புன்னு விழும். இடப்பக்கம் மறியிறதும் மாறல. மாஸ்ட்ட பழைய இடத்துக்கே கொண்டு வந்து பள்ளத்துக்க பக்கத்துல மார்க்கர்ல கோடு போட்டேன், இனி கால் விஷயம் முடியிற வரைக்கும் ஆலன் கீயத் தொடக்கூடாதுன்னு முடிவு. ஒரே நாள்ல காலையும் மாஸ்ட்டையும் மாத்தினா எதனால சரியாச்சு எதனால கெட்டுதுன்னு தெரியவே தெரியாது.

வழி தெரிஞ்சது வீடியோவுலதான். அதுவும் கரையில இருந்து எடுத்த வீடியோ இல்ல, அதுல ஆள் விழுறது மட்டும்தான் தெரியும், கால் தெரியாது. மாமாக்க வள்ளம் இருக்கு, 9.9 குதிரைசக்தி எஞ்சின். பூவார்ல நெய்யாறு கடல்ல சேருற இடத்துக்கு உள்ள தள்ளி காயல் இருக்குல்ல, அங்க விடியக்காலையில டூரிஸ்ட் போட்டு ஓடத் தொடங்குறதுக்கு முன்ன தம்பிய கயிறு கட்டி இழுத்தோம், நான் அமரத்துல, அதாவது வள்ளத்துக்க பின்முனையில, பின்பக்கம் பாத்து உக்காந்து ஃபோன பிளாஸ்டிக் பவுச்சுல போட்டு ஸ்லோ மோஷன்ல எடுத்தேன். வீட்டுக்கு வந்து நிறுத்தி நிறுத்திப் பாத்தா நாலு விஷயம் தெளிவா தெரிஞ்சுது. முன்கால் பலகைக்க நடுக்கோட்டுல இல்ல, குதிகால் பக்கமா தள்ளி நிக்குது. பின்கால் மாஸ்ட்டுக்கும் பின்னாடி போவுது, அதுவும் விரல் பக்கமா தள்ளி, முன்கால் செய்றத சமாளிக்க. இடுப்புல குனியிறான், முட்டு மடங்கல, பின்பக்கம் இடப்பக்கமா தள்ளி நிக்குது. கண்ணு பலகை மூக்குலயே.

இது ஏன் வந்துச்சுன்னு யோசிச்சேன். வள்ளத்துல வளந்த ஆள் ரெண்டு காலையும் ரெண்டு பக்கமும் அகட்டித்தான் நிப்பான், அலை இந்தப் பக்கம் தூக்கினா அந்தக் கால அமுத்துவான், அது உடம்புல ஊறின பழக்கம். சாதா சர்ஃப் போர்டுலயும் கால் கொஞ்சம் தள்ளி விழுந்தா பலகை தண்ணியில படுத்து கிடக்கிறதால அது தாங்கிக்கும். ஃபாயில்ல மேல எழும்பின பிறகு தாங்க ஒண்ணுமே இல்ல. தம்பி 68 கிலோ, எழும்பின நேரம் பாதிக்கு மேல எடை முன்கால்லதான் இருக்கணும், ஒரு 40 கிலோன்னு வச்சுக்கோங்க, அந்த 40 கிலோ நடுக்கோட்டுல இருந்து 4 சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளி உக்காந்தா பலகை வேற எந்தப் பக்கம் மறியும். பின்கால் பழக்கமும் சர்ஃபிங்ல இருந்து வந்ததுதான், அங்க திருப்புறது பின்கால் அமுக்கி, இங்க பின்கால அமுக்கினா இறக்கை மூக்க தூக்கிட்டு வெளிய வந்துடும்.

அப்ப கால் எங்க இருக்கணும்? பாதத்துக்க நட்ட நடுவுதான்னு நான் நினைச்சேன், தம்பி பாதம் 26 சென்டிமீட்டர், 13ல கோடு வரணும்னு. அத சோதிக்க ஒரு பலகை செஞ்சேன். 18 எம்எம் பிளைவுட் துண்டு, 75 சென்டிமீட்டர் நீளம் 40 அகலம், கடையில வெட்டி மிச்சம் கிடந்தது 350 ரூபாய். 4 இஞ்சு பிவிசி பைப்பு 75 சென்டிமீட்டர், அத நீளவாக்குல ரெண்டா அறுத்து ஒரு பாதிய பிளைவுட்டுக்க அடியில, நீளத்துக்கே, சரியா நடுவுல வச்சு, உள்ள மரச்சட்டம் குடுத்து ஸ்க்ரூ போட்டேன். பைப்பு 130, ஸ்க்ரூ 40. முதல்ல முழு பைப்ப குறுக்க உருட்டி அது மேல பலகைய வச்சுப் பாத்தோம், எல்லாரும் பேலன்ஸ் போர்டுன்னு செய்யிறது அதுதான், ஆனா அது முன்ன பின்ன எடை மாத்துறதுதான் சொல்லித்தரும். எங்க பிரச்சனை பக்கவாட்டுல, அப்ப பைப்பு ரெண்டு காலுக்கும் அடியில நீளவாக்குல ஓடணும். இத மாத்தின பிறகுதான் பலகை நமக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சுது.

பிளைவுட்டுக்க மேல நடுக்கோடு போட்டு தம்பிய அதுல நிக்க வச்சேன், முட்டு லேசா மடக்கி, ஒரு கை சுவத்துல. பாதத்துக்க நட்ட நடுவ கோட்டுல வச்சா விரல் பக்கம் லேசா தூக்கியே நின்னுச்சு, குதிகால் பக்கம் எடை கூடுதல். ஆள் நிக்கும்போது எடை கணுக்காலுக்கு கொஞ்சம் முன்னால இறங்குது, பாதத்துக்க நடுவுல இல்ல. பைய பைய நகத்தி ரசமட்டம் நடுவுல நிக்கிற இடத்த பிடிச்சோம், அவனுக்கு அது குதிகால்ல இருந்து 11.5 சென்டிமீட்டர். வீடியோவுல பலகை அகலத்த வச்சு கணக்குப் போட்டுப் பாத்தா அவன் கால்ல கோடு 15.5 பக்கம் ஓடுது. அப்ப 4 சென்டிமீட்டர் வித்தியாசம், இதுதான் இத்தன நாள் மறிய வச்சது. முன்கால நேர் குறுக்க வைக்காம 45 டிகிரி போல முன்னாடி திருப்பி வச்சு திரும்ப அளந்தோம், திருப்பினா இடுப்பும் தானா முன்னாடி திரும்புது, முட்டும் மடங்க எளிசா இருக்கு.

அளவு தெரிஞ்சாச்சு, ஆனா எழும்பி நிக்கிற நேரத்துல யாரும் குனிஞ்சு கோடு பாக்க முடியாது, பாத்தா அதே நேரம் மறிஞ்சுடுவான். கண்ணுக்கு இல்ல, காலுக்குத் தெரியிற அடையாளம் வேணும். இன்சுலேஷன் டேப்பு ஒட்டிப் பாத்தோம், நனைஞ்ச உடனே சுருண்டு போச்சு. கடைசியா பழைய ரப்பர் செருப்பு ஒண்ண எடுத்து பிளேடுல 6 எம்எம் கனத்துக்கு சீவி, 2 சென்டிமீட்டர் அகலம் 22 நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, ஓரம் சரிவா தேச்சு, மேல்பரப்புல 80 நம்பர் உப்புத்தாள் போட்டு, பலகையையும் அதே தாள்ல தேச்சு ஸ்பிரிட்டுல துடைச்சு செருப்பு ஒட்டுற பசையால நடுக்கோட்டு மேல நீளவாக்குல ஒட்டினேன். பசைய ரெண்டு பக்கமும் தடவி பத்து நிமிஷம் காய விட்டு அப்புறம் அமுத்தணும், ஈரமா ஒட்டினா நிக்காது, ஒரு நாள் தண்ணி காட்டக்கூடாது. பாதத்துக்க வளைவுக்கு அடியில இந்தப் பட்டை வந்துச்சுன்னா முன்கால் சரியான இடத்துல இருக்குன்னு அர்த்தம். கடையில வர்ற, பலகை மேல ஒட்டுற டெக் பேடுகள்லயும் இதே மாதிரி ஒரு மேடு உண்டு, எங்க பலகையில அது இல்ல.

பின்காலுக்கு வேற அடையாளம். பலகைய கவுத்து மாஸ்ட்டுக்க முன்விளிம்பு எங்க வருதுன்னு வால்ல இருந்து அளந்து அத மேல்பக்கம் எடுத்தேன், பின்காலுக்க நடு அதுக்கு நேரா வரணும், பின்னாடி போவக்கூடாது. அதுக்கு ஒரு விரல் பின்ன குறுக்க ஒரு சின்ன பட்டை ஒட்டினேன், கால் பின்ன சறுக்கினா அதுல தட்டும். ரெண்டு காலுக்கும் நடுவுல தூரம் முன்ன 58 சென்டிமீட்டர் இருந்தது, 48 ஆக்கினோம். 44ம் வச்சுப் பாத்தோம், முட்டு மடக்க இடமில்லாம ஆள் விறைச்சு நிக்கிறான். 48தான் அவன் உயரத்துக்கு, 5 அடி 7க்கு, ஒத்து வந்துச்சு.

அடுத்து திரும்ப காயல். இழுக்குறதுக்கு 10 எம்எம் கயிறு 15 மீட்டர், கைப்பிடிக்கு 1 இஞ்சு பிவிசி துண்டு உள்ள கயிறு கோத்தது. கயிற வள்ளத்துக்க ஒரு பக்கம் கட்டாதீங்க, ஆள் ஒரு பக்கமாவே இழுபடுவான், நாம சரி பண்ற மறியலுக்கு அதுவே காரணம் ஆயிடும். அமரத்துக்க ரெண்டு பக்கத்துலயும் கட்டி வி வடிவத்துல சேத்து எஞ்சினுக்கு பின்னாடி கொண்டு வந்தோம். கயிறு குட்டையா இருந்தா புரொப்பெல்லர் கலக்கின நுரைக்குள்ள இறக்கை ஓடும், அதுல தூக்கு சரியா வராது. ஆழம் கட்டாயம் பாக்கணும், 75 சென்டிமீட்டர் மாஸ்ட்டு, அதுக்கு கீழ இறக்கை, அதுக்கும் கீழ ஆள் விழ இடம், அதனால ஒரு மூங்கில்ல ஒன்றரை மீட்டர்ல சிவப்பு பெயின்ட் அடிச்சு வழி முழுக்க குத்திப் பாத்துட்டுதான் ஓட்டினோம். பொழிமுகத்துப் பக்கம், ஆறு கடல்ல சேருற வாய்க்கு, போவல, அங்க நீவாடு, அதாவது நீரோட்டம், இழுக்கும். ஆகாயத்தாமரை மிதக்குற ஓரமும் வேண்டாம், ஒரு கொடி மாஸ்ட்டுல சுத்தினா பலகை பிரேக் போட்ட மாதிரி நிக்கும், ஆள் முன்ன பறப்பான். ஹெல்மெட்டும் வெஸ்ட்டும் போடாம நான் அவன தண்ணியில இறக்குறது இல்ல, இறக்கை விளிம்பு கூர்மை, விழும்போது பலகைய விட்டு பக்கவாட்டுலயோ பின்னாடியோ விழணும், தலைய கையால மூடிக்கிட்டுதான் மேல வரணும்.

முதல்ல எழும்பவே விடல. மணிக்கு 8, 9 கிலோமீட்டர்ல மாமா பைய இழுத்தார், தம்பி பலகை தண்ணிய விட்டு எழும்பாம நிக்கிறது மட்டும், பட்டை பாதத்துக்க வளைவுல இருக்கான்னு கால்ல தடவித் தெரிஞ்சுக்கிறது மட்டும். அது பழகின பிறகு வேகம் 14க்கு ஏத்தினோம், ஃபோன்ல ஜிபிஎஸ் பாத்து. எழும்பிச்சு, இடப்பக்கம் மறியல! மறியலன்னு சந்தோஷப்பட்டா இப்ப மேல கீழ ஆடுது, குதிச்சுக் குதிச்சு போவுது. கால் சரியாச்சு, உடம்பு இன்னும் சரியாவல. அமரத்துல இருந்த மாமாதான் அத பிடிச்சார். வள்ளத்த நிறுத்திட்டு, "எலே மக்கா, நீ எதுக்குலே வெள்ளத்தப் பாக்க? எனக்க தொப்பியப் பாரு. குனியாத, முட்ட மடக்கு" ன்னார். "மாமா, பலகை எங்க போவுதுன்னு பாக்கண்டாமா" ன்னு இவன். "அது ஒனக்க கால்ல அல்லவா இருக்கு, எங்க போவும்" னு சொல்லிட்டு திரும்ப எஞ்சின இழுத்தார்.

தொப்பியப் பாத்ததும் நெஞ்சு நிமிந்துச்சு, நெஞ்சு நிமிந்ததும் பின்பக்கம் உள்ள வந்து ரெண்டு காலுக்கும் நடுவுல நின்னுச்சு. வீடியோவுல நிறுத்தி ஸ்கேல் வச்சுப் பாத்தேன், தோள், இடுப்பு, பாதம் மூணும் கிட்டத்தட்ட ஒரே தூக்குநூல்ல வருது, முன்ன இடுப்பு நடுக்கோட்டுல இருந்து ஒரு சாண் வெளிய இருந்தது. எழும்புற நேரம் முன்கால அமுத்தி மூக்க கீழ வச்சுக்கிட்டு, அப்புறம் பைய விடணும். மாஸ்ட்டுல பாதிக்கு ஒரு சிவப்பு வளையம் டேப்புல சுத்தினேன், வளையம் தண்ணிக்கு மேல தெரிஞ்சா நான் கைய கீழ காட்டுவேன், அவன் முன்கால அமுத்துவான். இது ரொம்ப உதவிச்சு, இறக்கை வெளிய வந்து விழுறது அதோட ஏறக்குறைய நின்னு போச்சு.

இவ்வளவும் ஆன பிறகுதான் ஆலன் கீ. கொஞ்ச தூரம் போனதும் முன் தொடை எரியுதுன்னான். அப்படின்னா முன்கால்ல தேவைக்கு மேல அமுத்த வேண்டியிருக்கு, தூக்கு ரொம்ப முன்னாடி இருக்கு. மாஸ்ட்ட 1 சென்டிமீட்டர் பின்னாடி தள்ளினோம், எரிச்சல் குறைஞ்சுது. இன்னொரு 1 தள்ளினா எழும்பவே மாட்டேங்குது, அதனால 1ல நிறுத்தியாச்சு. மாஸ்ட்ட நகத்தினா மேல பின்கால் பட்டையும் கூடவே 1 சென்டிமீட்டர் நகரணும், நான் பிச்சு மாத்தி ஒட்டினேன், முன்கால் தூரமும் அதுக்கேத்த மாதிரி.

கடல்ல இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கான். காலையில கரைக்காத்து, இடுப்பளவு அலை, வலையும் வள்ளமும் ஆளும் இல்லாத இடம், இது மூணும் சேந்தாதான் இறங்குறது. ஃபாயிலுக்கு உடையாத மெல்லிசு அலையே போதும்ங்கிறது எங்க கரைக்கு வசதிதான், ஆனா ஏப்ரல் மே மாசத்துல தூரத்து தென்கடல்ல இருந்து வர்ற நீளமான அலைய நம்பி இறங்கக்கூடாது, காத்தே இல்லாம கரைக்குள்ள ஏறுற கள்ளக்கடல் அந்த சமயத்துலதான் அதிகமா வரும், ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ், அதாவது இந்தியக் கடல் தகவல் சேவை மையம், எச்சரிக்கை போடுறாங்க, அத பாக்காம பலகைய எடுக்குறது இல்ல. ஜூன்ல மழைக்காலம் தொடங்கினா சொல்லவே வேண்டாம், பலகை ஷெட்டுலதான். கடல்ல புதுசா வந்த பிரச்சனை, படுத்திருந்து சாடி எழும்பும்போது பின்கால் முதல்ல விழுந்து அந்த நேரமே எடை பின்னாடி போவுது. வீட்டுல பாய் விரிச்சு அதுல அதே 48 சென்டிமீட்டர்ல சாக்பீஸ் கோடு போட்டு, முன்கால் முதல்ல கோட்டுல விழணும்னு சாடிப் பழகுறான், பாயில பத்துக்கு எட்டு சரியா விழுது, கடல்ல பாதி.

செலவு சொல்லிடுறேன். பிளைவுட் 350, பைப்பு ரெண்டு அளவும் சேத்து 190, ஸ்க்ரூ 40, ஸ்பிரே 220, கிரீஸ் 150, பசை 90, நல்ல ஆலன் கீ செட்டு 480, கயிறு 400, ஹெல்மெட் 1,500. வெஸ்ட் ஏற்கனவே இருந்தது. மாமா கூலி வாங்க மாட்டார், பெட்ரோல் நாங்க போட்டோம், மொத்த செலவுல பெருசு அதுதான், தனியா எழுதி வைக்கல.

அடுத்த தடவ இன்னொருத்தருக்கு செய்யணும்னா 75 மாஸ்ட்டுல தொடங்க மாட்டேன், 45ல இருந்து 60க்குள்ள ஒரு குட்டை மாஸ்ட் தேடுவேன், விழுற உயரம் குறையும், காயல்ல ஆழமும் கூடுதல் இடத்துல கிடைக்கும். வள்ளத்துக்க அமரத்துல இருந்து எடுக்குற வீடியோ முதல் நாளே, ரசமட்டம் அதுக்கு அப்புறம். செருப்பு ரப்பர் ஒரு ஓரத்துல எழும்பத் தொடங்கிருக்கு, அதுக்கு பதிலா ஃபைபர் மேட்டும் ரெசினும் போட்டு பலகையோட பலகையா ஒரு மேடே கட்டலாம்னு இருக்கேன், அதுக்கு அளவு இனி மாறாதுன்னு உறுதியா தெரியணும், அதனால இன்னும் கொஞ்ச நாள் ரப்பர்லயே ஓடட்டும். வலப்பக்கம் திருப்புறது வந்தாச்சு, இடப்பக்கம் திருப்பும்போது மட்டும் முன்கால் விரல் தூக்குறான், பட்டை மேல இருந்து கால் நழுவுது. அதுக்கு பட்டைய முன்பக்கம் 2 சென்டிமீட்டர் நீட்டிப் பாக்கப் போறோம், அதுவும் ஒத்து வரலன்னா முன்காலுக்க 45 டிகிரிய கொஞ்சம் குறைச்சு பாக்கணும்.